ஒரு பெயருக்கு நான்கு வாசல்

சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்து தனியே வாழ்ந்துவந்த என் அத்தையை, வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் பொருட்டு, ஊருக்கு அருகிலிருந்த ஒரு கணினி மையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெயர், வயது, தகப்பனார் பெயர், கைப்பேசி எண் ஆகிய கட்டங்களெல்லாம் தடையின்றி நிரம்பின. கிராமத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டம் வந்ததும், அதுவரை விசைப்பலகையில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்த அங்கிருந்த இளைஞரின் கை தயங்கி நின்றது. கட்டத்தின் ஓரத்திலிருந்த சிறிய அம்புக்குறியை அவர் அழுத்தியவுடன், திரையின் அடிவரை ஒரு நீண்ட பட்டியல் சரிந்து விழுந்தது. வட்டம், பிர்க்கா என்ற பாகுபாடு எதுவுமின்றி, அந்த மாவட்டத்துக் கிராமங்கள் அனைத்தும் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றின்கீழ் ஒன்றாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. மவுஸின் சக்கரத்தை உருட்டி உருட்டி அவர் ஒருவாறு ‘பி’ என்ற எழுத்தை அடைந்தபோது, புதுப்பட்டி என்ற பெயர் அங்கே இரண்டு முறை இருக்கக் கண்டோம். இரண்டுக்கும் ஓர் எழுத்தளவு வித்தியாசமும் இல்லை.

“எந்தப் புதுப்பட்டிம்மா?” என்று கேட்டார் இளைஞர்.

“கம்மாக்கரைப் புதுப்பட்டி, தம்பி. அப்படிச் சொன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாதவங்க கிடையாது” என்றார் அத்தை.

கண்மாய்க் கரையை அந்தப் பட்டியல் அறியாது. இளைஞர் சற்று யோசித்துவிட்டு, முதலாவதாக இருந்ததையே தேர்ந்தெடுத்தார். சில நாட்கள் சென்றபின், அந்த விண்ணப்பம் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வட்டத்தின் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சேர்ந்து, அங்கே நிராகரிக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம், மறுபடியும் வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருத்தல். அத்தையின் பேரிலும் குற்றமில்லை, அந்த இளைஞரின் பேரிலும் குற்றமில்லை. குற்றமெல்லாம், ஒரு மனிதரிடம் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்கத் தெரியாத அந்தச் சிறிய கட்டத்தின் அமைப்பில்தான் இருந்தது.

‘டிராப்-டவுன்’ என்று எல்லோராலும் வழங்கப்படுகிற இந்தத் தேர்வுப் பெட்டியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டுமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் ரயில் டிக்கெட், கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பட்டா, ரேஷன் அட்டை என்று வாழ்க்கையின் அவசியங்களில் பெரும்பாலானவை இணையத்தின் வழியாகவே நடைபெறுகிற இக்காலத்தில், ஒவ்வொரு குடிமகனும் இந்தப் பெட்டியின் முன் நின்று பதில் சொல்லியே ஆகவேண்டியிருக்கிறது. ஆகவே, அது எப்படி அமைந்தால் மனிதருக்கு உபகாரமாகும், எப்படி அமைந்தால் உபத்திரவமாகும் என்பதை ஆராய்வது வீண் வேலையாகாது.

முதலில், இந்தப் பெட்டி எதற்காக இருக்கிறது? ஊர்ப் பெயரை அவரவர் விருப்பப்படி எழுதிக்கொள்ளும்படி விட்டுவிட்டால் என்ன? விட்டுவிட்டால், ஒருவர் திருச்சி என்று எழுதுவார். மற்றொருவர் திருச்சிராப்பள்ளி என்பார். இன்னொருவர் இடையிலுள்ள ஒற்றை விட்டுவிடுவார். வேறொருவர் ஆங்கிலத்தில் தமக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் எழுதுவார். நாம் அவற்றையெல்லாம் ஓர் ஊராகவே அறிவோம். கணினியோ, ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் ஒவ்வோர் ஊராகக் கருதிக் கணக்கை நான்காகப் பிரித்துவிடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக, ஊர்களையெல்லாம் ஓர் அட்டவணையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு குறியீட்டைக் கொடுத்து, மற்ற இடங்களிலெல்லாம் அந்தக் குறியீட்டை மாத்திரமே பதிந்துவைப்பது என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. தகவல்களை இவ்வாறு ஒன்றோடொன்று உறவுடைய அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் தத்துவத்தை 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்ற அறிஞர் வகுத்தளித்தார். இன்று உலகத்தின் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்த அஸ்திவாரத்தின் மேலேயே நிற்கின்றன.

பெயர் மாறினாலும் குறியீடு மாறாது என்பது இந்த முறையின் பெரிய அனுகூலம். மயிலாடுதுறை ரயில் நிலையத்தின் குறியீடு இன்றைக்கும் ‘எம்.வி.’ என்பதே, அந்த ஊர் மாயவரம் என்று வழங்கப்பட்ட காலத்தின் ஞாபகத்தை அவ்விரண்டு எழுத்துக்களும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. திருச்சிராப்பள்ளியின் ‘டி.பி.ஜே.’ என்ற குறியீடும், திருநெல்வேலியின் ‘டி.இ.என்.’ என்ற குறியீடும் அவ்வாறே பழைய ஆங்கிலப் பெயர்களின் எச்சங்கள். சென்னை சென்ட்ரலுக்கு ‘எம்.ஏ.எஸ்.’ என்று மதராஸின் பெயரால் அமைந்த குறியீடு, 1996-இல் நகரத்தின் பெயர் மாறியபோதும், 2019-இல் நிலையத்தின் பெயரே மாறியபோதும் அசையவில்லை. ஆனால், யந்திரத்துக்கு இத்தனை வசதியான இந்தக் குறியீடு, மனிதர் மனத்தில் இருப்பதன்று. மனிதர் மனத்தில் இருப்பது பெயர். ஆகையால், மனிதர் சொல்லும் பெயரைக் கேட்டு, யந்திரம் கேட்கும் குறியீடாக மாற்றிக் கொடுக்கும் ஒரு துபாஷி இடையே அவசியமாகிறது. தேர்வுப் பெட்டி என்பது அந்தத் துபாஷியே. இரு பாஷைகளையும் நன்கு அறிந்த துபாஷி நமக்கு நேரத்தையும் சிரமத்தையும் மிச்சப்படுத்துவான். யந்திரத்தின் பாஷையை மாத்திரம் அறிந்தவனோ, நம்மையும் அந்தப் பாஷையில் பேசும்படி நிர்ப்பந்திப்பான்.

தேர்ந்தெடுக்கவேண்டியவை எத்தனை என்பதைப் பொறுத்தே பெட்டியின் வடிவம் அமையவேண்டும். ‘ஆம், இல்லை’ என்று இரண்டே விடைகள் உள்ள கேள்விக்கு அவற்றைச் சுருட்டிப் பெட்டிக்குள் மறைத்துவைப்பதில் அர்த்தமில்லை. இரண்டையும் கண்ணெதிரே வைத்துவிடலாம். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களைப் போன்ற தொகுதியைச் சரிந்து விழும் பட்டியலாகக் காட்டலாம். ஆனால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ரயில் நிலையங்களையோ, பதினாறாயிரத்தைத் தாண்டும் தமிழ்நாட்டு வருவாய்க் கிராமங்களையோ அவ்வாறு காட்டுவது தகாது. திரைக்கு இருபது பெயர் வீதம் உருட்டினால், ஏழாயிரம் பெயர்களைக் கடக்க 350 திரைகள் ஆகும் என்ற எளிய கணக்கே இதை விளக்கப் போதுமானது.

இங்கே மனோதத்துவ ஆராய்ச்சி ஒன்றைக் குறிப்பிடவேண்டும். 1952-இல் இங்கிலாந்தில் ஹிக் என்ற அறிஞரும், அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் ஹைமன் என்ற அறிஞரும், விளக்குகளை எரியவிட்டு அவற்றுக்கு மனிதர் எத்தனை விரைவாக மறுமொழி தருகிறார்கள் என்பதை அளந்து பார்த்தார்கள். விளக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போது மறுமொழிக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்காவதில்லை. ஒரு குறிப்பிட்ட சிறு அளவே கூடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. இதைக் கொண்டு, பட்டியல் எத்தனை நீண்டாலும் பாதகமில்லை என்று எண்ணிவிடலாகாது. எது எங்கே இருக்கிறது என்பது முன்பே பழகியிருந்தால்தான் இந்த விதி பலிக்கும். ஒழுங்கற்ற பட்டியலில் மனிதர் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே இறங்கவேண்டியிருப்பதால், பட்டியல் இரட்டித்தால் சிரமமும் இரட்டிக்கும். ஆகவே பெரிய தொகுதியைக் கையாள ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு, தேடுகிறவர் மனத்தில் ஏற்கனவே இருக்கிற ஒழுங்காகவும் இருக்கவேண்டும்.

இந்தப் பிரச்சினை கணினியோடு பிறந்ததன்று. நம் மொழியிலேயே இதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. பழங்காலத்தில் சொற்களுக்குப் பொருள் காண நிகண்டுகள் இருந்தன. தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையால் பிரித்துச் செய்யுளில் இயற்றப்பட்ட அந்நூல்களை மாணாக்கர் நெட்டுருப் போட்டு மனத்தில் இருத்திக்கொண்டார்கள். நெட்டுருப் போட்டவனுக்கு நிகண்டு அக்ஷயபாத்திரம். போடாதவனுக்கோ, எந்தச் சொல் எந்தப் பாட்டில் ஒளிந்திருக்கிறதென்று தெரியாத காடு. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தம்முடைய அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அமைத்து, அந்தக் காட்டில் முதல் ஒற்றையடிப் பாதையை வெட்டினார். பிறகு 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். அந்நூலின் பெருமை, சொற்களை அகர வரிசையில் வைத்ததோடு நின்றுவிடவில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாக அதை அவர் வகுத்தார். ஒரு சொல்லை அறிந்து அதன் பொருளைத் தேடுகிறவனுக்கு ஒரு வாசல். பொருளை அறிந்து அதைக் குறிக்கும் சொற்களைத் தேடுகிறவனுக்கு ஒரு வாசல். தொகையாக வழங்குவனவற்றின் விவரத்தைத் தேடுகிறவனுக்கு ஒரு வாசல். எதுகைக்குச் சொல் தேடும் புலவனுக்கு ஒரு வாசல். தேடுகிறவன் எந்தத் திசையிலிருந்து வருகிறானோ அந்தத் திசையில் அவனுக்கு ஒரு கதவைத் திறந்துவைத்த அந்த ஏற்பாட்டை நினைக்கும்போது, இன்றைய தேர்வுப் பெட்டியின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வாசல்கள் எவை என்று பார்ப்போம். பெயரின் முதலெழுத்து என்பது எல்லோரும் அறிந்த முதல் வாசல். ஆனால் தமிழ்நாட்டில் இந்த ஒரு வாசலை மாத்திரம் நம்பியிருக்க முடியாது. 38 மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, திருப்பத்தூர், திருப்பூர், திருவண்ணாமலை, திருவள்ளூர், திருவாரூர் என ஏழு மாவட்டங்கள் ‘திரு’ என்றே தொடங்குகின்றன. ‘நீ’ என்ற ஓரெழுத்தைத் தட்டினால் நீலகிரி ஒன்றே எஞ்சும். ‘திரு’ என்று தட்டிய பிறகும் ஏழு பெயர்கள் எஞ்சி நிற்கும். ஓர் எழுத்து எத்தனை சந்தேகங்களைத் தீர்க்கிறதோ அத்தனையே அது தரும் தகவல் என்று 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த கோட்பாட்டின்படி பார்த்தால், ‘திரு’ என்ற அடைமொழி மரியாதையை மிகுதியாகவும் தகவலைக் குறைவாகவும் தருவதாகும். ஆகையால் பெட்டியானது பெயரின் தொடக்கத்தை மட்டுமன்றி நடுப்பகுதியையும் பொருத்திப் பார்க்கவேண்டும். ‘ஆரூர்’ என்றோ ‘வாரூர்’ என்றோ தட்டினவருக்குத் திருவாரூரும், ‘அண்ணாமலை’ என்று தட்டினவருக்குத் திருவண்ணாமலையும் உடனே கிடைக்கவேண்டும்.

மக்கள் வாயில் வழங்கும் பெயர் மற்றொரு வாசல். தஞ்சாவூரைத் தஞ்சை என்றும், கோயம்புத்தூரைக் கோவை என்றும், திருநெல்வேலியை நெல்லை என்றும், கும்பகோணத்தைக் குடந்தை என்றும் வழங்குவதை நம் இலக்கணம் மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலக்கணமே அங்கீகரித்ததைக் கணினி மறுப்பதற்கு நியாயமில்லை. அட்டவணையில் ஒவ்வோர் ஊருக்கும் அதன் பிரதானப் பெயரோடு மரூஉப் பெயர், பழம்பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் ஆகியவற்றையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து வைத்துவிட்டால், ஊட்டி என்றாலும் உதகை என்றாலும் உதகமண்டலம் என்றாலும் ஒரே குறியீடு கிடைத்துவிடும். அதிகாரபூர்வமான பெயரை மாத்திரம் ஏற்பதால் விளையும் இடருக்குச் சென்ட்ரல் நிலையமே சான்று: 2019-இல் சூட்டப்பட்ட அதன் முழுப்பெயர் ‘புரட்சித் தலைவர்’ என்று தொடங்குகிறது, ரயிலுக்கு நேரமாகிவிட்ட பிரயாணி ஒருவர் ‘சென்ட்ரல்’ என்றே தட்டுவார். இவையன்றி, ரயில் குறியீட்டையே மனப்பாடமாக வைத்திருக்கும் டிக்கெட் முகவர்களுக்குக் குறியீடு என்பதும் ஒரு வாசல்.

இனி, இந்தத் தேடல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஏழாயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் வேலையை யந்திரத்துக்கும் கொடுக்கவேண்டியதில்லை. பெயர்கள் வரிசையாக இருந்தால், நடுவிலுள்ள பெயரை எடுத்து, தேடும் பெயர் அதற்கு முன்னா பின்னா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடலாம். எஞ்சிய பாதியில் மறுபடியும் நடு, மறுபடியும் பாதி என்று போனால், ஏழாயிரம் பெயர்களில் ஒன்றை அதிகபட்சம் 13 ஒப்பீடுகளில் அடைந்துவிடலாம். பத்து லட்சம் பெயர்களானாலும் 20 ஒப்பீடுகள் போதும். 1959, 1960 ஆண்டுகளில் டி லா பிரியண்டே, ஃப்ரெட்கின் என்ற இருவர் விவரித்த ‘டிரை’ என்ற அமைப்பு இன்னொரு வழி: முதலெழுத்து ஒவ்வொன்றும் ஒரு கிளை, அதிலிருந்து இரண்டாம் எழுத்துக்கள் உபகிளைகள் என்று மரமாக அமைத்துவிட்டால், தட்டிய எழுத்துக்களின் எண்ணிக்கை எத்தனையோ அத்தனை படிகளே ஏறவேண்டியிருக்கும், ஊர்கள் ஆயிரமா லட்சமா என்பது ஒரு பொருட்டன்று. நடுப்பகுதியைத் தேடவேண்டுமானால், பெயரின் ஒவ்வோர் உறுப்பின் தொடக்கத்தையும் முன்கூட்டியே இவ்வாறு அட்டவணைப்படுத்தி வைத்துக்கொள்ளவேண்டும். முன்னேற்பாட்டில் ஒருமுறை உழைப்பது, பிறகு ஒவ்வொரு தேடலிலும் உழைப்பதை விட மலிவானது.

எழுத்தைத் தட்டியதற்கும் விடை தோன்றுவதற்கும் இடையேயுள்ள காலம் மிக முக்கியமானது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விடை வந்தால், அது தன் கையசைவின் விளைவாகவே மனிதருக்குத் தோன்றும்; ஒரு வினாடி வரையில் எண்ண ஓட்டம் அறுபடாது; பத்து வினாடிகளைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்று, முந்திய ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு 1993-இல் ஜேக்கப் நீல்சன் தொகுத்துரைத்தார். இதனால் சிலர், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முறை சர்வரை அழைத்துவிடுகிறார்கள். அது தவறு. மனிதர் தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்கும்போது பொறுத்திருந்து, விரல் கால் வினாடியளவு ஓய்ந்த பிறகு ஒரே ஒரு கேள்வியை அனுப்புவதே விவேகம்.

இதிலே கண்ணுக்குத் தெரியாத ஓர் அபாயமும் உண்டு. மதுராந்தகத்துக்குப் போகவேண்டிய ஒருவர் ‘மது’ என்று தட்டிச் சற்று நிறுத்துகிறார். ஒரு கேள்வி சர்வருக்குப் போகிறது. பிறகு ‘மதுரா’ என்று தொடர்கிறார். இரண்டாவது கேள்வியும் போகிறது. பாதையில் நெருக்கடியின் காரணமாக இரண்டாவது கேள்விக்கு விடை முதலில் வந்து, மதுராந்தகம் என்று சரியாகக் காட்டுகிறது. அவர் விரலை அதன்மேல் வைக்கப்போகும் கணத்தில், தாமதித்துப் போன முதல் கேள்வியின் விடை வந்து பட்டியலை மாற்றி, மதுரையை அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறது. விரல் மதுரையின்மேல் படிகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அளவுள்ள இவ்வளவு பெரிய பிழை ஒரு கண்ணிமைப்பில் நேர்ந்துவிடுகிறது. அனுப்பும் கேள்விகளுக்கு வரிசை எண் இட்டு, கடைசிக் கேள்வியின் விடையை மாத்திரம் ஏற்று, காலம் கடந்து வருபவற்றைத் தள்ளிவிடுவதே இதற்குப் பரிகாரம்.

மனிதர் பிழையாக எழுதுவதும் இயல்பே. எழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை, ஓர் எழுத்து விடுபடுதல், ஓர் எழுத்து மிகுதல், ஓர் எழுத்து மாறுதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கள் இடம் மாறுதல் என்ற நான்கு வகைக்குள் அடங்கிவிடும் என்று 1964-இல் டமராவ் என்பவர் கண்டறிந்தார். அதற்கடுத்த ஆண்டு, ரஷ்ய நாட்டுக் கணித அறிஞர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்ற எத்தனை திருத்தங்கள் தேவை என்பதை அவ்விரண்டு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரமாக வரையறுத்தார். மயிலாடுதுறையை ‘மயிலாடுதுரை’ என்று எழுதினவர் சரியான பெயரிலிருந்து ஒரே அடி விலகி நிற்கிறார். அவரை ‘இல்லை’ என்று துரத்தாமல் கைப்பிடித்து அழைத்துவருவதே முறை. தமிழில் இந்தச் சறுக்கல்கள் எங்கே நேரும் என்பதும் நமக்குத் தெரிந்ததே: லகர ளகர ழகரங்கள், ரகர றகரங்கள், நகர னகர ணகரங்கள் ஆகியவற்றை ஒரே குடும்பமாகக் கருதித் தேடினால் பெரும்பாலான பிழைகள் தாமே மறையும்.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது குழப்பம் பன்மடங்காகிறது. ‘திரு’ என்பதை ‘ஹெச்’ என்ற எழுத்தோடு எழுதுவோரும் உண்டு, அது இல்லாமல் எழுதுவோரும் உண்டு; புதுப்பட்டியின் துகரத்தை ‘டி’ (D) என்ற எழுத்தால் எழுதுவோரும் ‘டி-ஹெச்’ (TH) என்று எழுதுவோரும் உண்டு. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. இந்த விஷயத்தில் எல்லோரும் ஒப்பும் ஒரே எழுத்துக்கூட்டல் வருவதற்கு வெகுகாலம் ஆகலாம். அதுவரை எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஏற்கும் பொறுமை பெட்டிக்கு வேண்டும்.

தமிழ் எழுத்தில் தேடினால் தொல்லையே இல்லை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. யூனிகோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் அமைக்கலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் அமைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத பெட்டி, எதிரே இருக்கும் கொடைக்கானலைக் காணவில்லை என்று சாதிக்கும். வரிசையும் அவ்வாறே. யூனிகோடு எண்களின் ஒழுங்கில் றகரமும் ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னே நிற்கின்றன. னகரம் பகரத்துக்கும் முன்னே வந்துவிடுகிறது. பள்ளியில் நாம் கற்ற வரிசை அதுவன்று. எண்ணை நம்பி அடுக்கிய பட்டியல், தமிழறிந்தவருக்கு ஒழுங்கற்ற பட்டியலேயாகும். அதற்கென வகுக்கப்பட்ட தமிழ் அகர வரிசை விதிகளைப் பயன்படுத்துவது அவசியம்.

மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய தொகுதியை மூன்று சிறிய தொகுதிகளாக்கும் இம்முறை பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் அது, ஆட்சிப் பிரிவுகளை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. 2019-இல் தென்காசி மாவட்டம் பிரிந்த பிறகும், சங்கரன்கோவில்காரர் ஒருவர் பழக்கத்தினால் திருநெல்வேலி என்று சொல்லக்கூடும். திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்தபின் அவர் எத்தனை தேடினாலும் தம் ஊரைக் காணமாட்டார். நேரே ஊர்ப் பெயரைக் கேட்டு, அதற்குரிய வட்டத்தையும் மாவட்டத்தையும் கணினியே நிரப்பிக்கொண்டால், மனிதருக்குத் தெரிந்ததை மனிதரும் யந்திரத்துக்குத் தெரிந்ததை யந்திரமும் சொல்வதாக ஆகும். அஞ்சல் குறியீட்டு எண்ணும் இங்கே நல்ல துணை. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் முயற்சியால் 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அமலுக்கு வந்த அந்த ஆறு இலக்கங்களைத் தம் ஊரின் பெயருக்கு அடுத்தபடியாக ஞாபகம் வைத்திருப்பவர்கள் ஏராளம். ஓர் எண்ணின் கீழ்ப் பல கிராமங்கள் இருக்கலாமாதலால் அது ஒன்றே முடிவாகாது. ஆயினும் பதினாயிரக் கணக்கானவற்றைச் சிலவாகச் சுருக்கிக் கொடுத்துவிடும்.

கண்பார்வையற்றவரும், மவுஸைப் பிடிக்க இயலாதவரும் இதே பெட்டியின் முன் வருகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. அம்பு விசைகளால் பட்டியலில் ஏறி இறங்கவும், என்டர் விசையால் தேர்ந்தெடுக்கவும், எஸ்கேப் விசையால் விலகவும் வழி இருக்கவேண்டும். எத்தனை பெயர்கள் பொருந்தின என்பதைத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் வாய்விட்டுச் சொல்லும்படி அமையவேண்டும். தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கத்தைக் கீழே நகர்த்த மவுஸின் சக்கரத்தை உருட்டும்போது, தேர்ந்தெடுத்த பெயரே சத்தமின்றி அடுத்ததாக மாறிவிடும் பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். மனிதர் கேளாத மாறுதலை யந்திரம் செய்யக்கூடாது என்பது இங்கே முதல் தர்மம்.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். வாசகருடைய காலத்தை வீணாக்காமல் காப்பாற்றவேண்டும் என்பது அவற்றில் நான்காவது விதியின் கருத்து. கணினித் திரைகள் தோன்றாத காலத்தில் புத்தக அலமாரிகளுக்கு முன் நின்று அவர் சிந்தித்த அந்த விதி, இன்றைய தேர்வுப் பெட்டிக்கு அப்படியே பொருந்துகிறது. தேடுகிற பாரம் யந்திரத்தின் தலையில் இருக்கவேண்டும். தேர்ந்தெடுக்கிற உரிமை மனிதரின் கையில் இருக்கவேண்டும்.

அன்றைய தினத்தை மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். அத்தையின் விண்ணப்பம் வழிதவறிப் போயிற்று என்றாலும், அது காற்றிலே போய்விடவில்லை. மற்றொரு புதுப்பட்டியின் அலுவலரிடம் மிகச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஆகவே, அவ்விரண்டு புதுப்பட்டிகளுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டென்பதையும், ஒவ்வொன்றும் எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் அந்த யந்திரம் தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தது. அறிந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்தின் பெயரையும் பிர்க்காவின் பெயரையும் சிறிய எழுத்தில் ஒரு வரி தமிழில் காட்டியிருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அத்தை, யாருடைய உதவியுமின்றி இரண்டாவது புதுப்பட்டியின்மேல் தாமே விரலை வைத்திருப்பார்.